எல்லாம் வால்யூம்தான்

கிருபைராஜின் வலது கை ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தது. இடது கை வயரைப் பல்லுக்குக் கொடுத்து உறையை உரித்துக்கொண்டிருந்தது. நாற்காலிமேல் நின்று இரண்டு வேலையையும் சேர்த்தே தொடங்குவார். இரண்டும் பாதியில் நிற்கும். மெயினை அணைத்தாயிற்றா என்று கேட்டால், கம்பியைப் புறங்கையால் தொட்டுக் காட்டுவார். “கரண்டுக்கு என்னைத் தெரியும் சிஸ்டர்.”

பாளையங்கோட்டையில் முப்பது வருடம் கன்வென்ஷன் ஜெபக்கூட்டப் பந்தல்களுக்கு மைக் செட் போட்டவர். அந்தத் தொழில் படுத்ததும் வீட்டு வயரிங்குக்கு வந்துவிட்டார். திருகினால் கூடிக் குறைவது எதுவானாலும் அவருக்கு வால்யூம். கேஸ் அடுப்பும் வால்யூம், தண்ணீர்க் குழாயும் வால்யூம். பழைய ரேடியோக்களில் பிடுங்கிய வால்யூம்களை ஒரு மிட்டாய் டப்பா நிறைய வைத்திருக்கிறார். கடையில் புதிது வாங்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். “புதுசு வாங்கி மாட்டுததுக்கு நான் எதுக்கு? எந்தப் பயலும் மாட்டுவான்.”

வீட்டு நர்ஸாக நான் பார்த்துக்கொள்ளும் சாரம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை; நிமோனியாவிலிருந்து தேறிவருகிறார், படுத்த படுக்கை. ஃபேன் இரண்டாம் எண்ணில் மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் இருமல். நின்றால் முதுகு வேர்த்து, ஆறிவரும் படுக்கைப்புண் ஊறிப்போகும். ரெகுலேட்டர் கெட்டதும் கிருபைராஜைக் கூப்பிட்டேன். அது என் தவறு.

அந்தக் காலத்து ரெகுலேட்டருக்குள் இருப்பது கம்பிச்சுருள். திருகைக் குறைத்தால் கரண்ட் அதிக நீளக் கம்பியைக் கடக்க வேண்டும். அதனால் தளர்ந்து போகும், ஃபேனும் மெதுவாகும். தடுத்த மிச்சம் சூடாக வெளியேறும். அந்தச் சூட்டைத் தாங்கத்தான் அவ்வளவு தடித்த கம்பி. ரேடியோ வால்யூமில் இருப்பதோ மெல்லிய கரிப்பூச்சு. கிருபைராஜ் அதைத்தான் சுருளுக்குப் பதிலாக வைத்தார்.

“என்னவே, இது தாங்குமா?” என்றேன்.

“நீங்க குளுக்கோஸ் குழாயில திருகிச் சொட்டைக் குறைக்கியள்லா? அதேதான் இங்கனயும்.”

“அந்தத் திருகைக் கொண்டுபோய் வாட்டர் டேங்க் பைப்புல மாட்ட மாட்டேன்வே.”

அவர் திருகினார். ஃபேன் அசையவில்லை. இன்னும் திருகினார், நாலு சுற்று சுற்றியது. “பாத்தியளா,” என்றார். பார்த்தேன். திருகின் ஓரத்தில் புகை வந்தது. கட்டிலிலிருந்து சாரம்மாள், “ஏதோ கருகுதே,” என்று சொல்லி இருமினார். ஓடிப்போய் மெயினை அணைத்தது நான்.

“வால்யூம் போலி,” என்றார் கிருபைராஜ். ஃபேனை நேராகக் கரண்டில் கொடுத்துவிட்டு, பழைய ரெகுலேட்டர் பெட்டியைத் தன் வீட்டில் வைத்துச் சரிசெய்வதாக எடுத்துப் போனார். அன்று மாலை முழுக்க, பத்து நிமிடம் போட்டுப் பத்து நிமிடம் அணைத்து, நானே ரெகுலேட்டராக இருந்தேன். விட்ட இடைவெளியில் சாரம்மாளின் முதுகுப் புண்ணுக்கு இரண்டு தடவை கட்டு மாற்றினேன்.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் ஃபேன் இரண்டாம் எண்ணில் பையச் சுற்றியது. சாரம்மாள் இருமாமல் தூங்கினார். “கடையில வாங்குனா இந்த உழைப்பு கிடைக்குமா? பழசையே சரிபண்ணிட்டம்லா,” என்றார் கிருபைராஜ். அரை மணி முன்பு கழிவுச்சட்டியைக் கழுவப் பின்பக்கம் போனபோது அவரைப் பார்த்திருந்தேன். மதிலோரம் குத்தவைத்து உட்கார்ந்து, அட்டைப்பெட்டியிலிருந்து புத்தம் புது ரெகுலேட்டரை எடுத்து, அதன் வெள்ளை மூடியில் இரண்டு உள்ளங்கையாலும் செம்மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.