மெமரி சாக்கெட்டில் இருந்த சந்தனம்

தாமு அண்ணன் இன்று காலை போய்விட்டார். மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

கேட்டதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையே மூன்று தடவை டைப் செய்து அழித்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் கணபதி ஏரியாவில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் டைட்டில் போடுகிறவள். கேசட்டில் மணமக்கள் பெயர் சுழன்று வருமே, ரோஜாப்பூ விரியுமே... அதெல்லாம் என் வேலை. எந்த மெஷினில் கோளாறு வந்தாலும் அண்ணன்தான்.

எங்களிடம் இருந்த கம்ப்யூட்டர் அமிகா. வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் கேம் விளையாடிய சாமான், இங்கே வந்து கல்யாண வேலை பார்த்தது. ஒரு பெயரைச் சுழலவிட்டு நான் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும்.

"ஆக்சிலரேட்டர் கார்டு ஒண்ணு போட்டா பறக்குமுங்க" என்று ஓனரை நச்சரித்தது அண்ணன். பம்பாயிலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒன்று வந்து சேர்ந்தது. சரியாக ஆயுத பூஜை அன்று.

ஸ்டுடியோவில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். கேமரா, டெக், லைட் ஸ்டாண்ட், வாசலில் நின்ற ஓனர் ஸ்கூட்டர் உட்பட. புதுசாக வந்த கார்டை மட்டும் விடுவானேன்?

அண்ணன் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். நான் கவரைப் பிரித்து, அந்தப் பச்சை போர்டில் மூன்று இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன். பிறகுதான் கரண்டு சாமானாச்சே என்று பயம் வந்தது. அவசரமாகத் துடைத்து, பழையபடி கவருக்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து மாட்டினோம். பறந்தது! பத்து நிமிஷம்... அப்புறம் ஹேங்.

கார்டைக் கழற்றினால் மெஷின் பழையபடி நகரும். மாட்டினால் ஹேங். சூடோ என்று அண்ணன் மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். ஹேங். கார்டு விளிம்பை அழிரப்பரால் தேய்த்தார். ஹேங். போத்தனூர் நண்பரிடம் வேறு மெமரி வாங்கி வந்து கார்டில் மாற்றிச் செருகினார். அதுவும் ஹேங்.

மூன்று நாள் மனுஷன் நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குச் சந்தனம் ஞாபகம் வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

"உன் பேச்சக் கேட்டு வாங்குனேன் பாரு... சனிக்கெழமைக்குள்ள ஓடலீன்னா, திங்கக்கெழமை நீ வராத" என்றார் ஓனர். ஞாயிற்றுக்கிழமை துபாய் கிளம்பும் மாப்பிள்ளை கையில் கேசட்டைக் கொடுத்தாக வேண்டும். அண்ணனுக்கு அப்போது குழந்தை பிறந்து இரண்டு மாதம்.

சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று நின்றார். "ஏனுங்க அம்மணி, வேற மெமரி போட்டும் அதே கதைன்னா, மெமரி மேல தப்பில்லீங்க. அது உக்கார்ற எடத்துலதான் என்னமோ இருக்குது. டார்ச்சக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன். சாக்கெட்டுக்குள் ஊசியை விட்டுக் கிளறினார். ஊசி முனையில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. காய்ந்த சந்தனம்.

ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஊசியைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மெஷின் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஓனர் வந்து, "என்னய்யா ஆச்சு?" என்றார்.

"நாந்தானுங்க... மெமரியச் செரியா அமுக்காம உட்டுப்போட்டேன்."

நான் பக்கத்திலேயே நின்றேன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான், எனக்கும் பயம்.

"இதுக்கா மூணு நாளா என்ற மானத்த வாங்குன?" என்று கத்தி, ஓனர் அவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார். அண்ணன் ஸ்க்ரூ டிரைவர்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனார். நான் அந்த மெஷின் முன்னால் இன்னும் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் பிறகு பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு பம்ப்செட் பட்டறையில் சேர்ந்தார். ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்... அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"அந்தக் கார்டு இன்னும் ஓடுதுங்களா அம்மணி?"

"ஓடுதுங்கண்ணா."

முகமெல்லாம் சிரிப்பு. மேட்டுப்பாளையம் பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

இன்று பழைய ஸ்டுடியோ குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார்... 'தங்கமான மனுசன். வேலைலதான் கொஞ்சம் அசால்ட்டு.' யாரும் மறுக்கவில்லை. நாலு பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

அசால்ட்டு இல்லைங்க. சந்தனம் வைத்தது நான். மறைத்ததும் நான்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். அண்ணியிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வாசலில் நின்று அழுதுவிட்டு, சொல்லாமலே திரும்பிவிடுவேன்... என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் இங்கே, எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டேன்.

செருப்பை மாட்டிவிட்டேன். கிளம்புகிறேன்.

மன்னிச்சுக்குங்கண்ணா... போயிட்டு வாங்க.