கரண்ட் போனால் கேட்கும் தெரு

வாக்கியத்தின் அச்சு என்னுடையது, அதில் போட்ட சொற்கள் ஒரு மாணவியுடையவை என்றால், அந்த வாக்கியம் யாருடையது? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வயது மகள் உள்ளே அவள் அப்பாவிடம் இருப்பாள். என் ஒரு காது அங்கேதான் இருக்கும்.

இலக்கணம் மனப்பாடமாகத் தெரிந்தும் பிள்ளைகளுக்கு நான்கு வரி சொந்தமாக எழுத வரவில்லை. அதனால் ஒரு மாதிரி வாக்கியம் கொடுத்து, அதே அமைப்பில் அவரவர் வீட்டைப் பற்றி எழுதச் சொன்னேன்.

"மீம் மாதிரியா மிஸ்? படம் அதேதான், எழுத்த மட்டும் மாத்துவோம்லா?" என்றான் ஒருவன்.

நான் கொடுத்த ஆங்கில வாக்கியத்தின் பொருள் இது: 'மழை நின்ற பிறகுதான் எங்கள் கூரை ஒழுகும் சத்தம் கேட்கும்.' சத்தம் ஓயாத விசைத்தறித் தெருவிலிருந்து வரும் ஒரு பெண் எழுதினாள்: 'கரண்ட் போன பிறகுதான் எங்கள் தெரு பேசுவது கேட்கும்.' அதை உரக்க வாசித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

வரி பரவிவிட்டது. பள்ளித் தேர்வில் ஊரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் என்னிடம் படிக்கிற அத்தனை பேரும் அதையே எழுதிவிட்டார்கள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம், மானாவாரிக் காட்டு நடுவிலிருந்து பஸ்ஸில் வருகிறவனும்கூட.

"ஏலே, ஒங்க ஊர்ல ஏதுல தறி?" என்று அந்தப் பெண் அவனிடம் கேட்டாள்.

"தறி இல்லட்டி. கரண்ட் போகும்லா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பள்ளி ஆசிரியர் எல்லாத் தாளிலும் அந்த வரியை அடித்து, பக்கத்தில் 'காப்பி' என்று எழுதியிருந்தார். அவள் தாளிலும்தான்.

"இனி கைடுல உள்ளதையே எழுதிக்கிடுதேன் மிஸ். அத யாரும் காப்பின்னு சொல்ல மாட்டாவ."

சொன்னபடியே செய்கிறாள். போன வாரம் அவள் எழுதிய கட்டுரையில் பிழை இல்லை, அவள் தெருவும் இல்லை.

ஆசிரியரிடம் போய் அது அவளுடைய வரி என்று சொல்லலாம். சொன்னால் மற்றவர்கள் திருடர்களாகிவிடுவார்கள். அவர்களில் சிலர் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதிய முதல் வரியே அதுதான். நான் போனில் பேசுவதை என் மகள் அப்படியே திருப்பிச் சொல்கிறாள். அவளைக் கொஞ்சத்தானே செய்கிறேன்?

பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கள். நான் அந்தப் பள்ளிக்குப் போகலாமா? போவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா?