பாக்கியம் அக்கா ஓடிய பாதை

இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் நான். கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சி விற்ற பாக்கியம் அக்காவைப் பற்றிப் பொலிஸுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்தது நான்தான். இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, ஒரு காலையில் எங்கள் குழந்தைகள் காப்பகக் கட்டடத்துக்குப் பின்னால் மண் பிளந்தது. முன்னாலிருந்த ரோடும் சரிந்துவிட்டது. ஒன்பது குழந்தைகளோடு திகைத்து நின்றபோது, நனைந்தபடி வந்தார் பாக்கியம் அக்கா.

"டீச்சர், காட்டுக்குள்ள ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு. பொலிஸ் வந்தா நான் ஓடுற பாதை. வாங்க."

இரண்டு சின்னவர்களை அவரே சுமந்தார். மற்றவர்கள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மேட்டுக் கோயிலை அடைந்து திரும்பிப் பார்த்தால், எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் சேறுதான் தெரிந்தது.

"அக்கா, ஒங்களக் காட்டிக் குடுத்தது நான்தான்," என்றேன்.

"தெரியுங்க டீச்சர். மொதல்ல புள்ளைங்க தலையத் துவட்டுங்க."

இப்போது புதிய இடத்தில் குழந்தைகளுக்குச் சமைப்பவர் அவர்தான். தெரிந்தும் எங்களைத் தேடி வந்தாரே என்று நினைக்கும்போதெல்லாம், யாரைப் பற்றியும் அவசரமாக ஒரு முடிவு சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.