உள்பானை இல்லாத குக்கர்

சிங்கப்பூரில், கிளமெண்டியில் இருக்கும் என் வீட்டு அடுப்படியில், மேல் அலமாரியில், ஒரு ரைஸ் குக்கரின் உள்பானை மட்டும் இருக்கிறது. அதற்குரிய குக்கர் குவீன்ஸ்டவுனில், என் மாமனார் வீட்டில் இருக்கிறது. பானையின் அடியில் கறுப்புப் பூச்சு உரிந்துவிட்டது. விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இந்த ஓட்டைச் சாமானை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். இதில் யாரும் சமைக்காமல் இருப்பதற்காக வைத்திருக்கிறேன் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பானையை எனக்குக் கொடுத்தவர் என் மூத்த ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு தொடக்கப்பள்ளி கேன்டீனில் கடை வைத்திருந்தார். விடியும் முன் எழுந்து அடுத்தவர் பிள்ளைகளுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் கிளறுவார். மத்தியானம் வீட்டுக்கு வந்து எங்கள் மாமனாருக்குத் தனியாக ரசம் வைப்பார். வாயில்லாப் பூச்சி என்று அவரைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அதை இன்று எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்த ஊருக்கு விடுமுறைக்குப் போனாலும் முதல் ராத்திரி வெளியே சாப்பிடக்கூடாது. வந்த அலுப்பில் கண்டதைத் தின்றால் வயிறு கெடும், முதல் ராத்திரி வீட்டுச் சோறுதான் என்பார் மாமனார். மாமியார் இருந்தவரை அவர் சமைத்தார். அவர் போனபின் குக்கர் அக்காவின் தலையில் விழுந்தது. துண்டில் சுற்றி, தனி அட்டைப்பெட்டியில், பாஸ்போர்ட்டுக்கு அடுத்த மரியாதையோடு அது எங்களுடன் ஊர் ஊராக வந்தது. பினாங்கில் முதல் நாள் மாலை நாங்கள் கடற்கரையில் நின்றபோது அக்கா குளியலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். கேமரன் மலையில் பனி இறங்குவதைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தபோது அவர் வெந்நீர்க் கெண்டியில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். எத்தனை ஊர் போயிருந்தாலும் ஓர் ஊரின் முதல் மாலையை அவர் பார்த்ததில்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் கடற்கரையில் நின்றவர்களில் நானும் இருந்தேனே!

மாமனார் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் பட்டறையில் ஃபோர்மனாக இருந்தவர். சத்தம் போடமாட்டார். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் "எனக்குப் பசியில்லை" என்பார், அவ்வளவுதான். அவர் சாப்பிடாமல் வீட்டு மருமகள்கள் சாப்பிடுவது வழக்கமில்லை. ஆகவே அந்த இரண்டு வார்த்தைக்கு அப்புறம் வீட்டில் எல்லாமே அவர் சொன்னபடி நடந்துவிடும்.

கொரோனாவில் எல்லைகள் மூடிக்கிடந்த அந்த வருடம், டிசம்பர் பள்ளி விடுமுறையில் எங்கும் போக வழியில்லை. சரி, உள்ளூரிலேயே ஹோட்டலில் தங்கலாம் என்று ஜாலான் புசாரில் இரண்டு இரவுக்கு அறை எடுத்தோம். ஒரு மேசைக்கு ஐந்து பேர்தான் என்ற விதி இருந்த காலம். அக்காவின் மகன் தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருந்ததால் நாங்களும் சரியாக ஐந்து பேர். நாலு எட்டு வைத்தால் சிராங்கூன் ரோடு, தெருவெல்லாம் சாப்பாட்டுக்கடை. அங்கேயும் குக்கரைக் கட்டச் சொன்னார் மாமனார். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். நான் கணவரிடம் முணுமுணுத்தேன். "ரெண்டு நாள்தானே லா, விடேன்," என்றார். விட்டேன்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மாமனார் கட்டிலில் சாய்ந்துகொண்டு, அரிசியைப் போட்டுவிடலாமே என்றார். அக்கா பெட்டியைத் திறந்தார். துண்டை உதறி மடித்தார். குக்கரை மேசைமேல் வைத்து மூடியைத் தூக்கினார். உள்ளே சூடேறும் தட்டு மட்டும் இருந்தது. பானை இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை வருடத்தில் ஒரு கரண்டியைக்கூட மறந்தவரில்லை அவர். மாமனார் மூத்த மகனைப் பார்த்தார். அவர் உடனே, டாக்சியில் போனால் அரை மணியில் எடுத்து வந்துவிடலாம் என்று செருப்பை மாட்டினார். அக்கா திட்டு வாங்கப் போகிறாரே என்ற பதற்றத்தில் நான் முந்திக்கொண்டேன். "அவசரத்துல மறந்திருப்பாங்க மாமா, நாந்தான் சீக்கிரம் கிளம்பச் சொல்லிப் பிடுங்கிட்டேன்," என்றேன். நல்ல பொய். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம்.

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு மாமனாரிடம் திரும்பினார். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"நான் மறக்கல மாமா. வேணும்னுதான் வீட்டுல வெச்சுட்டு வந்தேன். நானும் லீவுக்குத்தான் வந்திருக்கேன்."

மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எதிர்பார்த்ததுதான். "எனக்குப் பசியில்லை."

இனி யாருக்கும் சாப்பாடு இல்லை என்று நினைத்தேன். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டினார். "சரி மாமா, ரெஸ்ட் எடுங்க. நாங்க சாப்பிட்டுட்டு வர்றோம்," என்றார். மகன்கள் இரண்டு பேரும் தாலி கட்டிய நாளில்கூட அப்படி முழித்திருக்கமாட்டார்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் எங்கே சாப்பிடலாம் என்று அவருடைய கணவரே கேட்டார். அக்கா நடு நடைபாதையில் நின்றுவிட்டார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். இலைச்சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, இது என் சாம்பார்தான் என்று நகர்ந்தார். தோசைக்கடையில் மாவு இன்னும் புளிக்கவில்லை என்றார். பிரியாணிக்கடை, மீன்தலைக் கறிக்கடை எல்லாவற்றுக்கும் ஒரு குறை. என் கணவர் பசி தாங்காமல், மேசையிலேயே வேகவைத்துத் தின்னும் ஸ்டீம்போட்டுக்குப் போகலாமா என்றார். "அங்கேயும் நாந்தான் நின்னு வேகவைக்கணுமா?" என்று கேட்டார் பாருங்கள், நான் தெருவில் நின்று சிரித்தேன்.

சுற்றிச் சுற்றி ஜாலான் புசாருக்கே திரும்பி வந்து, மூலைக் காப்பிக்கடையில், ஒரு சீனரின் அடுப்புக்கு முன்னால் நின்றார். சில்லி நண்டு. வட்ட மேசையில் உட்கார்ந்தோம். பெரிய தட்டில் சிவப்புக் குழம்பில் நண்டும், பொரித்த பன்னும், ஒரு கிண்ணம் சோறும் வந்தன. அக்கா முழங்கைவரை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஓட்டை உடைத்தார். ஏன் நண்டு என்று கேட்டேன்.

"ரெண்டு கையும் நண்டுல இருந்தா, அதை எடு இதை எடுன்னு யாரும் கேக்க முடியாதுல்ல," என்றார்.

பாதி நண்டு ஆகியிருக்கும்போது மாமனார் வந்தார். என் கணவர் கடை எங்கே என்று செய்தி அனுப்பியிருக்கிறார். காலியாக இருந்த ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கை, பழக்கத்தில், வெறும் தட்டை அக்காவின் பக்கம் தள்ளியது. அக்கா தம் இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டுவரை குழம்பு வழிந்துகொண்டிருந்தது. நான் எழப்போனேன். மேசைக்கடியில் என் காலை ஒரு மிதி மிதித்தார், இன்னும் வலிக்கிறது. மாமனார் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கரண்டியை எடுத்துத் தானே சோற்றைப் போட்டுக்கொண்டார். வானம் இடிந்து விழவில்லை. அவருக்கு மறுநாள் வயிறும் கெடவில்லை.

எல்லைகள் திறந்தபின் இந்த டிசம்பரில்தான் மறுபடி வெளியூர், பினாங்கு. அக்கா வரவில்லை. கேன்டீன் தோழிகளோடு தைவான் போகிறார். தன் பெட்டியைக் கட்டும் முன் இங்கே வந்து இந்தப் பானையை என் கையில் கொடுத்தார். "அடுத்து உன்னைத்தான் கேப்பாங்க. பொய் மட்டும் சொல்லாத," என்றார்.

நேற்று மாமனார் தொலைபேசியில் கூப்பிட்டார். முன்னைவிடக் குரல் தளர்ந்திருக்கிறது. பெரியவள் வராததால் குக்கரை இனி நான்தான் எடுத்துவர வேண்டுமாம், ஆனால் பானையைக் காணோமாம், எங்கே இருக்கிறது தெரியுமா என்றார். பக்கத்தில் நின்ற என் கணவர், தெரியாது என்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினார். சொல்வது சுலபம். கிழவரிடம் எதற்கு வம்பு என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது.

"தெரியும் மாமா. எங்க வீட்டு மேல் அலமாரியில இருக்கு. அது பினாங்குக்கு வராது."

எனக்குப் பசியில்லை என்று இப்போதே சொல்லிவிடுவாரோ என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப மொத ராத்திரி எங்க சாப்பிடறது?"

நான் சொல்கிறேன் மாமா என்று போனை வைத்தேன். நாற்காலியைப் போட்டு ஏறி, பானையைத் துடைத்து, இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.