கிழிக்கப் போகும் பெயர்

ஜெர்மனியில், எசன் நகருக்குப் போகும் வழியில், கெல்சென்கிர்ச்சன் ஊர் அகதி விடுதிச் சமையலறையில் மொழிபெயர்த்து உதவ உட்கார்ந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துத் தம்பையா அண்ணை குடிசனக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புகிறார். குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தன் வரிசையில் அப்பா பெயரை எழுதுகிறார், மகன் வரிசையில் தன் பெயரை. ஒரே அறையில் தகப்பனுக்கு ஒரு குடும்பம், மகனுக்கு வேறு குடும்பம்!

கணக்கெடுக்க வந்த ஜெர்மன்காரி சிரிக்கிறாள். “கவலை வேண்டாம். யார் என்று எவருக்கும் தெரியாதபடி பெயர் உள்ள தாளைக் கிழித்து அழித்துவிடுவோம். எண்ணிக்கைதான் மிஞ்சும்.”

இதைத் தமிழில் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு இது பாதுகாப்பாம்! எங்கள் ஊரிலும் பழைய கணக்கெடுப்புகளின் பெயர்த் தாள்களை இப்படித்தான் அழித்தார்கள். பாட்டனாரின் தகப்பன் பெயரைத் தேடி ஆவணக் காப்பகங்களில் நாயாய் அலைந்தேன். கிடைத்தது, ‘ஆண்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்.

அண்ணை நிமிர்கிறார். “ஊரில எங்கட பதிவெல்லாம் எரிஞ்சுபோச்சு. இஞ்சையாவது கிடக்குமெண்டுதானே எழுதுறன்? நாளைக்கு என்ர பேரப்பிள்ளை வந்து தேடினா என்னத்தைக் காட்டுவினமாம்? கேளுங்கோ தம்பி!”

கேட்கிறேன். அவள் தோளைக் குலுக்குகிறாள்.

அண்ணை மறுபடி குனிந்து, ஏற்கெனவே எழுதிய பெயர்களின் மேலேயே பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறார். அடியில் இருக்கும் எண்ணிக்கைத் தாளில் பெயர்களின் தடம் விழுகிறது. அந்தத் தாளை அவர்கள் கிழிக்க மாட்டார்கள்.