பூட்டுப் போட்ட வால்வு

ஃபிளஷ் டேங்க் குழாயை மூடித் திறக்கும் ஆங்கிள் காக் உடைந்து கையோடு வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. மாடி வீட்டு பாத்ரூமில், வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பக்கத்தில், பைப் ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். கள்ளக்குறிச்சியில் இருபத்தெட்டு வருஷ அனுபவமுள்ள பிளம்பர் நான். அந்த நேரத்தில் அனுபவம் முழுவதும் அந்தக் கட்டை விரலில்தான் இருந்தது.

வீட்டுக்காரர் தனகோட்டி சார் பாத்ரூம் வாசலில் நின்று பார்த்தார். "இன்னாபா, ஒழுவுது ஒழுவுதுன்னு சொல்லிக்கினு இருந்த. இப்ப நீயே தொறந்து வுட்டுட்டியா?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது.

மொட்டை மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடுங்கள் என்றேன். அது பூட்டியிருக்கிறது என்றார். பூட்டியிருப்பது எனக்கும் தெரியும். பூட்டச் சொன்னவனே நான்தான்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

இரும்புப் பெட்டி

தனகோட்டி சார் சர்க்கரை ஆலையில் எடைமேடை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பு லோடில் எவன் கல்லைச் சேர்த்திருக்கிறான், எவன் சேற்றைச் சேர்த்திருக்கிறான் என்று பார்த்தே காலம் கழித்தவர். ஓய்வுக்குப் பிறகு பார்ப்பதற்கு லோடு இல்லை. அதனால் கீழ் வீட்டில் குடியிருந்தவர்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

கீழே ஷமீம் குடும்பம். கணவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பை கடை. ஷமீம் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே டேங்க், அதிலிருந்து இரண்டு லைன், லைனுக்கு ஒரு கேட் வால்வு. காலையில் நிரப்பிய டேங்க் மத்தியானத்துக்குள் காலியானது. சார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அஞ்சு வேளை கை காலு கழுவுறாங்கபா. டேங்கு எப்பிடி நிக்கும்?"

நான் தலையை ஆட்டினேன். கூலி கொடுப்பவர் எதிரில் என் தலை தானாகவே ஆடும். ஆட்டியதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. கீழ் லைன் வால்வைப் பாதிக்கு மூடிவிட்டு, இரண்டு வால்வையும் சேர்த்து ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம் என்று யோசனை சொன்னேன். வெல்டிங் கடைக்கு அளவும் நானே கொடுத்தேன். பெட்டி அழகாக அமைந்ததைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் அதே மாதிரி கேட்டார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெட்டி வைத்த பிறகும் டேங்க் காலியாகிக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் பொறுத்தார் சார். பிறகு கீழ் வீட்டை மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மகளுக்குப் பொதுத்தேர்வு வர இரண்டு மாதம்தான் இருந்தது. ஷமீமும் கணவரும் ஒன்பது வீடு பார்த்தார்கள். பேரைச் சொல்லும்வரை வீடு காலியாக இருக்கும். சொன்ன பிறகு, நேற்றுத்தான் யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக ஞாபகம் வந்துவிடும்.

அவர்கள் கிளம்பும்வரை தனியாக ஒரு சின்ன டேங்க் வைத்து அளந்து தண்ணீர் விடலாம் என்று சார் என்னைக் கூப்பிட்டார். அளவெடுக்கத்தான் அன்றைக்குப் போனேன்.

சொட்டு நீலம்

அளவெடுத்துவிட்டுக் கை கழுவ மாடி பாத்ரூமுக்குள் போனேன். யாரும் ஃபிளஷ் பண்ணவில்லை. ஆனால் டாய்லெட் கோப்பையின் உள்பக்கத்தில் நூல் போலத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சாரிடம் காட்டினேன். சத்தமே இல்லையே, எப்படி ஒழுகும் என்றார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதை அவரிடம் சொல்லக் கூடாது.

இந்தச் சோதனைக்கு டூல்ஸ் பையே வேண்டாம். துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஐந்து சொட்டு ஃபிளஷ் டேங்கில் விடுங்கள். பிறகு யாரும் பட்டனைத் தொடக் கூடாது. நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கீழே கோப்பை முழுவதும் நீலமாக இருந்தது. சார் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"நீ ஜாஸ்தி ஊத்திட்டபா" என்றார்.

ஃபிளஷ் டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு செங்கல் இருந்தது. உள்ளே செங்கல் வைத்தால் ஒவ்வொரு ஃபிளஷுக்கும் ஒரு லிட்டர் மிச்சம் என்று போனில் யாரோ அனுப்பியிருந்தார்களாம். சூளைச் செங்கல் ஒரு வருஷத்துக்கு மேல் தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும்? பாதி கரைந்திருந்தது. கரைந்த செம்மண்ணும் பொடியும் அடி ஓட்டையை அடைக்கும் வாஷருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டதால், வாஷர் படியவே இல்லை. தண்ணீர் கீழே கசியக் கசிய மேலே ரொம்பிக்கொண்டே இருந்திருக்கிறது, ராப்பகலாக. தண்ணீரை மிச்சம் பிடிக்க வைத்த செங்கல்தான் ஒரு டேங்க் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அவசரம் வந்துவிட்டது. குற்றவாளி மாடியில்தான் என்று அவருக்கு உடனே நிரூபித்துவிட வேண்டும். மேல் வால்வை மூடாமல் பழைய ஃபிட்டிங்கில் கை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை நான் பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உப்புப் பிடித்து இறுகிப் போயிருந்த ஆங்கிள் காக்கில் ரெஞ்சைப் போட்டு அழுத்தினேன். மீதியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சாவி

பெட்டியின் சாவி சாருடைய மனைவியிடம் இருந்தது. அவர் கல்வராயன் மலையில் டீச்சராக இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சார் நாலு தடவை போன் போட்டார். டவர் இல்லை. பூட்டை உடைத்துவிடலாம் என்றேன்.

"நல்ல பூட்டுபா" என்றார் சார்.

விரலை மீறி வந்த தண்ணீர் ஹாலுக்குள் போய் டிவி ஸ்டாண்டைத் தொட்டதும் சுத்தியலைத் தேடிப் போனார். அதற்குள் தண்ணீர் மாடிப்படியில் இறங்கிக் கீழ் வீட்டு வாசலுக்கும் போய்விட்டது. ஷமீம் படியேறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையில் சாவி இருந்தது.

"எந்த வால்வுண்ணா மூடணும்?"

வலது பக்கம் என்றேன். மேலே போனார். அரை நிமிஷத்தில் தண்ணீர் நின்றது. இறங்கி வந்தவரிடம், சுத்தியலோடு நின்ற சார் அந்தச் சாவி எப்படி உன்னிடம் என்று கேட்டார்.

"அம்மா ஊருக்குப் போறப்பல்லாம் எங்கிட்டதாங்கயா குடுத்துட்டுப் போவாங்க. நீங்க தொலைச்சிடுவீங்கன்னு."

எனக்குப் பொறுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டா பாதித் தண்ணீரில் குடும்பம் நடத்தினீர்கள், திறந்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரும் அதான் சொன்னாரு. நாந்தான் வாணாம்னேன். அவங்க மூடுனத அவங்கதான் தொறக்கணும்ண்ணா. தொழுவுறதுக்கு முன்னாடி ஒளு செய்ய எங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி போதும்."

அன்றைக்குத் தலையாட்டியதை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது. செங்கல்லை எடுத்து, டேங்கைக் கழுவி, புது வாஷரும் புது ஆங்கிள் காக்கும் போட்டேன். போகும்போது கீழ் லைன் வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன். சாரைக் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சார் வரச் சொன்னார். டேங்க் முக்கால்வாசி அப்படியே நிற்கிறது என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கீழே போய் அவர்களை இருந்துகொள்ளச் சொல்லிவிடு என்றார். போய்ச் சொன்னேன். ஷமீம் தையல் மெஷினை நிறுத்தினார்.

"அவரே வந்து சொல்லட்டும்ண்ணா. பதினாலு படிதான்."

இதைச் சாரிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சொன்னேன். சார் எழுந்து, முட்டி வலியோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழ் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தண்ணி நல்லா வருதாமா?"

ஷமீம் குழாயைத் திறந்து காட்டினார். "வருதுங்கயா."

"புள்ளைக்குப் பரீட்சை முடியட்டும். அப்பறமும் இருங்க."

எடைமேடை கிளார்க்கின் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு கிலோகூட வராது. ஷமீமுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

அவர்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். அடுத்தவர் தண்ணீரை வீணடிக்கிறார் என்று இப்போதும் வாரம் ஒருவராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். போனதும், கூப்பிட்டவர் வீட்டு பாத்ரூமைத்தான் முதலில் பார்க்கிறேன்.