இடப்பக்கக் கைப்பிடி

கட்டுக்கதை என்பவர்கள் மந்தைவெளிக்குப் போய் ஸ்ரீவத்சனின் பழைய பியட் காரைப் பார்த்துக்கொள்ளலாம். பின்சீட்டின் இடப்பக்கக் கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் சிதம்பரநாதனின் வண்டி அது. அவர் மகனிடம் வாங்கும்போதே அந்தக் கைப்பிடி இல்லை. கடை கடையாக ஏறியும் கிடைக்காமல், ஸ்ரீவத்சன் தானே செய்ய உட்கார்ந்தான். மனைவி மஹதி அடையாறு பாலத்தில் ஸ்கூட்டர் விபத்தில் போன பிறகு அவனுக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. மரத்துப்போயிருந்தான். "அம்மா எப்போப்பா ஆத்துக்கு வருவா?" என்று மகள் சாரு தினமும் கேட்பாள். அந்தக் கேள்வியிலிருந்து தப்பக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கி மிஞ்சிய களிமண்ணில் வலப்பக்கக் கைப்பிடியை அழுத்தி அச்சு எடுத்துக் காயவைத்தான். ஓட்டை அலுமினியப் பாத்திரம் ஒன்றைக் கரி அடுப்பில் உருக்கி ஊற்றினான். பூட்டிய பிறகுதான் புத்தி வந்தது. வலப்பக்கத்து அச்சு இடப்பக்கத்தில் தலைகீழ். கீழே அழுத்தினால் அசையாது. மேலே தூக்கினால்தான் கதவு திறக்கும். சாரு தெரியாமல் திறக்க மாட்டாள், அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று யார் கண்டார்?

கைப்பிடி பூட்டிய அன்று மாலை ஆறே முக்கால். வேறு வழி அடைத்திருந்ததால், இத்தனை நாள் தவிர்த்த அந்தப் பாலத்தில் ஏறினான். நடுப்பாலத்தில் நெரிசல். வண்டி நின்றது.

டிக்...

திரும்பினான். சாரு அவனுக்குப் பின்னால், வலது ஓரத்தில். இரண்டு கையிலும் முறுக்கு. இடப்பக்கக் கைப்பிடி, யாரோ கீழே அழுத்திப் பார்ப்பதுபோல் அதிர்ந்தது.

டிக்... டிக்...

நின்றது.

பிறகு மெல்ல... மேலே எழுந்தது.

கதவு திறந்தது.

"தொட்டியா, சாரு?"

"நான் இல்லப்பா. அந்த மாமி. இறங்கிட்டா."

கதவு சற்று நேரம் திறந்தே கிடந்தது. பிறகு தட்டென்று தானே சாத்திக்கொண்டது. காற்று வீசவில்லை.

மறுநாள் சிதம்பரநாதனுக்குப் போன் செய்து, பழைய கைப்பிடி எப்படி உடைந்தது என்று கேட்டான்.

"அது உடையல தம்பி. நான்தான் கழத்திப் போட்டேன்." குரல் தளர்ந்திருந்தது. "வீட்டம்மா செத்த பிறகும் அந்த ஓரத்துலதான் உக்காந்திருந்தா. வண்டி நின்னா கதவைத் திறக்கப் பாப்பா. இறங்கிட்டா நான் என்ன செய்வேன்? நான் ஆஸ்பத்திரியில கெடக்கயில பய வண்டிய வித்துட்டான்." பிறகு கேட்டார், "...இருக்காளா தம்பி?"

ஸ்ரீவத்சன் போனை வைத்துவிட்டான்.

பக்கத்தில் சாரு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமான கேள்வியை அவள் இன்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மாமி இறங்கினதும் அம்மா ஏறிண்டாளே. நீ பாக்கலையா?"

ஸ்க்ரூடிரைவரோடு கீழே ஓடினான். மஹதி போன பிறகு முதல் முறையாகப் பயந்தான்...

அவள் இறங்கிவிடப் போகிறாளே என்று.